மருதாம்பாள் சொன்னது

சேசு மரி சூசை

கடமான்மட்டம் எஸ்டேட்
4 ஜூன் 1922, ஞாயிறு

அன்புள்ள தம்பி சில்வஸ்டருக்கு அக்கா மெட்டில்டா எழுதிக்கொள்வது. இங்கே நாங்கள் சுகம். சின்னவளுக்கு மட்டும் இருமல் விடவில்லை. மழை பிடித்துக்கொண்டது. பாலத்துக்கு மேலே தண்ணீர் போவதால் ஆனைமேட்டுக்கு இறங்கி வர வழியில்லை. இல்லாவிட்டால் இதை நேரில்தான் சொல்லியிருப்பேன். காகிதத்தில் எழுதுகிற விஷயமில்லை.

வருகிற வெள்ளிக்கிழமை உன் கச்சேரிக்கு எங்கள் தோட்டத்து வழக்கு ஒன்று வருகிறது. மருதாம்பாள் என்று கொழுந்து பறிக்கிறவள். புருஷன் இல்லை. மூன்று வருஷ ஒப்பந்தத்தில் கைநாட்டு வைத்துவிட்டு, ஆறு வயசுப் பெண்ணைக் காரமடைப் பக்கம் மாமியாரிடம் விட்டுவிட்டு மலையேறி வந்தவள். ஒப்பந்தத்தை மீறி ஓடிப்போய்விட்டாள் என்று பெரியதுரை பிராது கொடுத்திருக்கிறார்.

அவள் ஓடவில்லை, தம்பி. போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் எங்கள் வீட்டு வாசலில் வந்து நின்றாள். குழந்தைக்குக் காய்ச்சல், கண் திறக்கவில்லை என்று ஊரிலிருந்து ஆள் வந்து சொல்லிப் போயிருந்தான். தோட்டத்துக் கிளார்க் என்பதால் உன் மச்சானிடம் நாலு நாள் லீவு கேட்டாள். அவருக்கு மனசு கேட்கவில்லை. போயிட்டு வா, துரைகிட்ட நான் சீட்டு வாங்கி வைக்கிறேன் என்றார். நான் அவளுக்குக் கஞ்சி ஊற்றிக்கொண்டு பக்கத்திலேயே இருந்தேன்.

திங்கட்கிழமை ஃபேக்டரியில் பெல்ட் அறுந்துவிட்டது. துரை எல்லார் மேலும் எரிந்து விழுந்தார். சீட்டை மறுநாள் கேட்கலாம் என்று இவர் விட்டுவிட்டார். மறுநாளும் கேட்கவில்லை. புதன்கிழமை துரை தானே வந்து ஆட்களை எண்ணினார். ஒருத்தி குறைகிறாளே, எங்கே என்று கேட்டார். உன் மச்சான், தெரியவில்லை சார் என்று சொல்லிவிட்டார். அந்த ஒரு சொல்தான். அதற்குப் பிறகு அவரால் அதைத் திரும்ப எடுக்க முடியவில்லை. சனிக்கிழமை அவள் திரும்பி வந்துகொண்டிருந்தபோது மேட்டுப்பாளையத்திலேயே பிடித்துவிட்டார்கள்.

வாய்வார்த்தையாக லீவு கொடுத்தார் என்பதற்காகத்தான் போன வருஷம் தோட்டத்தின் மேல் டிவிஷனில் இருந்த கிளார்க்கை ஒரே நாளில் வீட்டைக் காலி செய்ய வைத்தார்கள். மூன்று குழந்தைகளோடு இந்த மழையில் நாங்கள் எங்கே போவோம்?

உன்னைப் பொய் சொல்லச் சொல்லவில்லை. அவள் தமிழில் சொல்வதை மாஜிஸ்திரேட்டுக்கு இங்கிலீஷில் சொல்கிறவன் நீதான். உன் மச்சான் பேர் அந்த அறையில் வராமல் இருந்தால் போதும். நான் உன்னிடம் இதுவரை எதுவும் கேட்டதில்லை. படித்ததும் கிழித்துப் போடு.

உன் அக்கா
மெட்டில்டா


ஆனைமேடு
10 ஜூன் 1922

அன்புள்ள அக்காவுக்கு,

நேற்று வழக்கு முடிந்தது. மச்சான் பேர் வரவில்லை. இத்துடன் நிறுத்திவிடலாம். ஆனால் நடந்ததை நீங்களும் தெரிந்துகொள்ள வேண்டும் என்று நினைக்கிறேன்.

மாஜிஸ்திரேட் ஹெர்பர்ட் துரை சீமையிலிருந்து வந்து ஏழு மாதம்தான் ஆகிறது. வா, போ, குதிரை, தண்ணீர் என்பதற்கு மேல் தமிழ் வராது. தோட்டத்தின் சார்பில் வந்திருந்த சின்னதுரையும் புதியவர். ஆகவே அங்கே இரண்டு பாஷையும் தெரிந்தவர்கள் நானும் ஹெட் கிளார்க் கருணாகரனும் மட்டுமே.

அனுமதி இல்லாமல் ஏன் போனாய் என்று கேட்கச் சொன்னார். கேட்டேன். அவள் சொன்னது இது:

“கிளார்க்கய்யா ஊட்டுக்குப் போய்ச் சொல்லிப்போட்டுத்தானுங்க போனேன். போயிட்டு வான்னு அவருதானுங்க சொன்னாரு. நாலு நாள்னு சொன்னேன், புள்ளைக்குக் காய்ச்சல் எறங்காததால ஒரு நாள் கூட ஆயிப்போச்சுங்க.”

நான் துரையிடம், குழந்தைக்குக் காய்ச்சல் என்பதால் போனதாகச் சொல்கிறாள் என்றேன். அவ்வளவுதான். கருணாகரன் எழுதிக்கொண்டிருந்த பேனாவை நிறுத்தி என்னைப் பார்த்தார். பிறகு நான் சொன்னதை அப்படியே எழுதினார்.

அவளுக்கு இங்கிலீஷ் தெரியாது. ஆனால் அவள் முட்டாள் இல்லை. “நான் சொன்னது நீளமா இருந்துச்சு, அய்யா சொன்னது குட்டையா இருக்குதுங்களே” என்றாள். என்ன சொல்கிறாள் என்று துரை கேட்டார். கருணை கேட்கிறாள் என்றேன்.

ஒரு மாதம் காவல். கச்சேரிக்குப் பின்னால் இருக்கும் சப்ஜெயிலுக்கு அவளைக் கூட்டிப் போனார்கள். துரை எழுந்து போகும்போது, உன் மொழிபெயர்ப்பு சுருக்கமாக, தெளிவாக இருக்கிறது, ஊட்டியில் காலியாகும் இடத்துக்கு உன் பேரை எழுதப்போகிறேன் என்றார்.

நீங்கள் பொய் சொல்லச் சொல்லவில்லை என்று எழுதியிருந்தீர்கள். நான் சொன்னது பொய்யா இல்லையா என்று யோசித்துக்கொண்டிருக்கிறேன். தயவுசெய்து இதைப் பற்றி இனி எழுத வேண்டாம்.

சில்வஸ்டர்


சேசு மரி சூசை

கடமான்மட்டம்
15 ஜூன் 1922

அன்புள்ள தம்பிக்கு,

எழுத வேண்டாம் என்று சொல்லியும் எழுதுகிறேன். உன் கடிதத்தை மூன்று தரம் படித்தேன். முதல் தரம் படித்தபோது வந்தது நிம்மதிதான். அதை உன்னிடம் மறைக்கவில்லை. மூன்றாம் தரம் படித்தபோது, குட்டையா இருக்குதுங்களே என்று அவள் கேட்ட இடத்தைத் தாண்ட முடியவில்லை.

நான் உனக்கு எழுதியது உன் மச்சானுக்குத் தெரியாது. அதை இப்போதாவது உனக்குச் சொல்ல வேண்டும். சின்னதுரை வந்து தண்டனை விவரம் சொல்லியிருக்கிறார். தன் பேர் வந்ததா என்று இவர் சுற்றி வளைத்து விசாரித்திருக்கிறார். யார் பேரும் வரவில்லை என்று சின்னதுரை சொன்னாராம். வீட்டுக்கு வந்து உட்கார்ந்து அழுதுவிட்டார். “என்னைக் காட்டிக் கொடுக்காம ஜெயிலுக்குப் போயிட்டாளே மெட்டில்டா, அந்தப் பொம்பளைக்கு நான் என்ன கைம்மாறு செய்யப் போறேன்” என்றார்.

அவள் தானாகவே வாய் திறக்கவில்லை என்று நினைத்துக்கொண்டிருக்கிறார். ஜெபம் சொல்லும்போது குழந்தைகளிடம் மருதாம்பாளுக்காகவும் வேண்டிக்கொள்ளச் சொல்கிறார். கூலிகள் குடியிருக்கும் லயத்தில் அவளுடைய அறையை வேறு ஆளுக்குக் கொடுக்காமல், கூரை ஒழுகுகிறது என்று சாக்குச் சொல்லிப் பூட்டி வைத்திருக்கிறார். நான் என்ன சொல்ல? வாய் வரைக்கும் வருகிறது, விழுங்கிவிடுகிறேன்.

ஒரு மாதம் என்பது பெரிய காலமில்லை என்று என்னை நானே தேற்றிக்கொள்கிறேன். அவள் வெளியே வந்ததும் ஏதாவது செய்துவிடலாம். ஊட்டி வேலை கிடைத்தால் உனக்கு நல்லதுதானே. உடம்பைப் பார்த்துக்கொள்.

மெட்டில்டா


ஆனைமேடு
22 ஜூன் 1922

அன்புள்ள அக்காவுக்கு,

உங்கள் கடிதம் வந்த பிறகு என்னால் கச்சேரியில் நிம்மதியாக நிற்க முடியவில்லை. நேற்று முன்தினம் சப்ஜெயிலுக்குப் போனேன். கச்சேரி ஆள் என்பதால் யாரும் ஏன் என்று கேட்கவில்லை.

முற்றத்தில் அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள். மெலிந்திருக்கிறாள். என்னைப் பார்த்ததும் எழுந்து நின்றாள். குழந்தை எப்படி இருக்கிறாள் என்று கேட்டேன். காய்ச்சல் இறங்கின பிறகுதான் கிளம்பினேன், அப்புறம் சேதி இல்லைங்க என்றாள். பிறகு அவளே கேட்டாள்:

“ஏனுங்க, நான் சொன்னதை அன்னைக்குச் சொன்னீங்களா?”

இல்லை என்றேன். அவள் அழவும் இல்லை, திட்டவும் இல்லை. எதுக்குங்க என்று மட்டும் கேட்டாள். என் அக்கா கேட்டார் என்று எப்படிச் சொல்வது? பதிலுக்காகச் சற்று நேரம் பார்த்தாள். அப்புறம் உட்கார்ந்து மறுபடி புடைக்க ஆரம்பித்துவிட்டாள்.

அக்கா, என் வேலை ஒரு வேலையே அல்ல என்று நான் முன்பெல்லாம் நினைப்பேன். தீர்ப்பு எழுதுவது துரை, பிராது கொடுப்பது தோட்டம், நான் நடுவில் ஒரு குழாய் என்று. இப்போது தெரிகிறது. அந்த அறைக்குள் அவளுக்கு இருந்த வாய் நான்தான். அதை நான் பொத்தினேன். அதைவிட ஒன்று சொல்கிறேன். மச்சான் அவளுக்குக் கடன்பட்டதாக நினைத்து உருகுகிறார். அவள் செய்யாத உபகாரத்தை நாமாக அவள் தலையில் கட்டியிருக்கிறோம். அவள் உண்மையைச் சொன்னாள். அதை அவளிடமிருந்து எடுத்துக்கொண்டோம்.

நேற்று இன்னொரு தோட்டத்து வழக்கு வந்தது. ஒரு கிழவர் சொன்ன ஒவ்வொரு எழுத்தையும் சொன்னேன். இருமலைக்கூடச் சொல்லியிருப்பேன். இந்த நாலு வருஷத்தில், நேரமாகிறது என்றும், இது முக்கியமில்லை என்றும் நான் எத்தனை பேர் சொன்னதை வெட்டியிருக்கிறேன் என்று கணக்கில்லை.

நடந்ததை மாஜிஸ்திரேட்டுக்கு எழுதிக் கொடுக்கப் போகிறேன். வருகிற திங்கட்கிழமை வரை பொறுக்கிறேன். அதற்குள் மச்சானிடம் நீங்கள் சொல்லுங்கள். அவர் தாமாகப் போய்ப் பெரியதுரையிடம் சொன்னால் அது வேறு. கச்சேரிக் காகிதத்தில் வந்து தெரிந்தால் அது வேறு. அவருக்கு அந்த அவகாசத்தைக் கொடுக்கத்தான் இதை எழுதுகிறேன்.

உங்கள் தம்பி
சில்வஸ்டர்


கடமான்மட்டம்
24 ஜூன் 1922

சில்வஸ்டருக்கு,

உன் கெடுவைப் படித்தேன். அக்காவுக்குத் தவணை சொல்லிக் கடிதம் எழுதுகிற அளவுக்கு நீ பெரிய மனுஷனாகிவிட்டாய்.

அம்மா போனபோது உனக்கு எட்டு வயசு. கான்வென்ட்டில் ஆறாவது படித்துக்கொண்டிருந்த நான் பள்ளிக்கூடத்திலிருந்து நின்றேன். நீ மெட்ரிக் வரைக்கும் போனாய். நான் படித்திருந்தால் டீச்சராகியிருப்பேன் என்று சிஸ்டர் சொல்வார். உன்னைச் சுமையாக ஒரு நாளும் நினைத்ததில்லை. இன்றைக்குத்தான் அந்தக் கணக்கை எடுக்கிறேன். என்னை எடுக்க வைத்தாய்.

உனக்கு மனசாட்சி உறுத்துகிறது. அதற்கு மருந்து என் குழந்தைகள் வீடா? அவளுக்கு இன்னும் பதினைந்து நாள்தான். நீ எழுதிக் கொடுத்தால் கழிந்த நாட்கள் திரும்பி வருமா? உன் வேலை போகும், இவர் வேலை போகும். துரைக்கு என்ன போகும்? அந்தக் கருணாகரனும் கேட்டுக்கொண்டுதானே இருந்தார், அவருக்கு என்ன போகும்?

இவரிடம் நான் எப்படிச் சொல்வேன்? அவள் உங்கள் பேரைச் சொன்னாள், என் தம்பி மறைத்தான், நான்தான் மறைக்கச் சொன்னேன் என்றா? பதினோரு வருஷம் இந்த மனுஷனோடு வாழ்ந்துவிட்டேன். அவர் பயந்தவர், ஆனால் கள்ளம் இல்லாதவர். இதைக் கேட்ட பிறகு என்னை எப்படிப் பார்ப்பார் என்று நினைத்தால் அடுப்படியில் கை ஓடவில்லை.

உன் இஷ்டப்படி செய். இந்த வீட்டுப் பக்கம் வராதே.

மெட்டில்டா


ஆனைமேடு
3 ஜூலை 1922

அன்புள்ள அக்காவுக்கு,

வராதே என்றீர்கள். எழுதாதே என்று சொல்லவில்லை என்பதால் எழுதுகிறேன்.

போன திங்கட்கிழமை காலையில் மனுவைக் கொடுத்தேன். அதற்கு முன்னால் கருணாகரன் அதை வாங்கிப் படித்துவிட்டு என்னை ரெக்கார்டு அறைக்குள் அழைத்துப் போனார். வேண்டுமென்றே விட்டேன் என்று ஏன் எழுதுகிறாய், காதில் சரியாக விழவில்லை என்று எழுது, மழைச் சத்தம் என்று எழுது, அவளும் வெளியே வருவாள், நீயும் பிழைப்பாய் என்றார். நல்ல எண்ணத்தில்தான் சொன்னார். நானும் பேனாவைக் கையில் எடுத்தேன். அப்போது அவள் எதுக்குங்க என்று கேட்டது ஞாபகம் வந்தது. மழைச் சத்தம் என்பது அதற்குப் பதில் இல்லை. பேனாவை வைத்துவிட்டேன்.

துரை இரண்டு தரம் படித்தார். வேறு எத்தனை வழக்கில் இப்படிச் செய்தாய் என்று கேட்டார். வேண்டுமென்று செய்தது இது ஒன்றுதான் என்றேன்.

“அதை நான் எப்படி நம்புவது?” என்றார்.

அவர் எழுந்து போய், அலமாரியில் என் காலத்து வழக்குக் கட்டுகள் இருந்த தட்டைப் பார்த்துக்கொண்டு வெகுநேரம் நின்றார். அவர் கோபத்தில் கத்தியிருந்தால் தேவலை. அந்தக் கட்டுகளுக்குள் எத்தனை பேர் சொன்னது இருக்கிறது, அதில் எது நிஜம் என்று இனி அவருக்கும் தெரியாது, சொல்லப்போனால் எனக்கும் தெரியாது.

தன் தீர்ப்பைத் தானே மாற்ற அதிகாரமில்லை என்று மேலிடத்துக்கு எழுதிவிட்டு, உத்தரவு வரும் வரைக்கும் தண்டனையை நிறுத்தி வைத்தார். வெள்ளிக்கிழமை மத்தியானம் அவளை விட்டார்கள். இருபத்தொரு நாள் உள்ளே இருந்திருக்கிறாள். குற்றவாளி என்ற தீர்ப்பு இன்னும் காகிதத்தில் அப்படியேதான் இருக்கிறது. மேலிடத்து உத்தரவு வர மாதக்கணக்காகுமாம். என்னை வேலையிலிருந்து நிறுத்தியாயிற்று. இந்த மாதம் இருபதாம் தேதி கச்சேரியிலேயே விசாரணை. புதிதாக ஒரு மொழிபெயர்ப்பாளர் வந்துவிட்டார். சனிக்கிழமை ஜன்னல் பக்கம் நின்று கேட்டேன். அவரும் சுருக்கமாகத்தான் சொல்கிறார்.

மனுவில் மச்சான் பேர் இருக்கிறது. மருதாம்பாள் சொன்னதை முழுதும் எழுதும்போது அதை விட முடியாது. ஏன் மறைத்தாய் என்ற இடத்தில் ஒரு உறவினரின் வேண்டுகோள் என்று மட்டும் எழுதினேன். யார் என்று எழுதவில்லை. அதையும் மறைப்பதுதான் என்று தெரிகிறது. அந்த ஒன்றை மட்டும் என்னால் எழுத முடியவில்லை, அக்கா.

நீங்கள் படிப்பை விட்டது எனக்கு எந்நாளும் நினைவில் இருக்கிறது. அதனால்தான் அன்றைக்குக் கச்சேரியில் அவள் சொன்னதை விட்டுச் சொன்னேன்.

சில்வஸ்டர்


சேசு மரி சூசை

கடமான்மட்டம்
12 ஜூலை 1922

தம்பி சில்வஸ்டருக்கு,

உன் கடிதம் வருவதற்கு முன்னாலேயே இங்கே எல்லாம் முடிந்துவிட்டது.

நீ தவணை சொன்ன திங்கட்கிழமைக்கு முந்தின நாள் பூசை முடிந்து வந்ததும் இவரிடம் சொன்னேன். எதையும் விடவில்லை. எனக்கு ஒரு ஏச்சும் கிடைக்கவில்லை. சட்டையை மாற்றிக்கொண்டு நேராகப் பெரியதுரை பங்களாவுக்குப் போனார். போகும்போது ஒன்று சொன்னார்: “அவள் என்னைக் காப்பாத்தினான்னு இருந்த நெனப்புலதான் இத்தனை நாள் தூங்கினேன் மெட்டில்டா.” அதைவிட என்னை அடித்திருக்கலாம்.

லீவு கொடுத்தது தான்தான் என்றும், தெரியவில்லை என்று சொன்னது பொய் என்றும் துரையிடம் சொல்லியிருக்கிறார். ஜூலைக் கடைசிக்குள் வீட்டைக் காலி செய்யச் சொல்லிவிட்டார்கள். ஜெகதளாவில் இவருடைய சித்தப்பா மகன் அம்புரோசு இருக்கிறார். இப்போதைக்கு அங்கே ஒரு அறை. சனிக்கிழமை கிளம்புகிறோம். பெரியவன் பள்ளிக்கூடம் என்னாகும் என்று தெரியவில்லை. இவர் என்னோடு பேசுகிறார், சாப்பிடுகிறார். ஆனால் முன்னைப்போல் இல்லை. எத்தனை நாளில் சரியாகும், சரியாகுமா என்று எனக்குத் தெரியாது.

திங்கட்கிழமை மருதாம்பாள் வந்தாள். தோட்டத்தில் அவளை மறுபடி எடுக்கவில்லை. லய அறையில் இருந்த கம்பளியையும் சட்டிபானையையும் எடுத்துப் போக வந்தவள், இங்கேயும் வந்தாள். உள்ளே வா என்றேன், வரவில்லை. என் தம்பி உனக்காக வேலையை விட்டான், இவரும் உனக்காக வேலையை விட்டார், எங்களை மன்னித்துவிடு என்று ஏதேதோ சொன்னேன்.

அவள் கேட்டுவிட்டு நிதானமாகச் சொன்னாள். “எனக்கோசரம்னு சொல்லாதீங்கம்மா. நான் சொன்னதை அன்னைக்கே சொல்லியிருந்தா முடிஞ்சுதுங்க. இருவத்தொரு நாள் உள்ளார இருந்தது நானுங்க.”

கோபமாகச் சொல்லவில்லை. ஒரு தப்பைத் திருத்துகிற மாதிரி சொன்னாள்.

அவள் மன்னிப்பு வாங்கவோ கொடுக்கவோ வரவில்லை. ஜெயிலுக்குப் போனவள், ஒப்பந்தத்தை முறித்து ஓடினவள் என்று பக்கத்துத் தோட்டங்களுக்கெல்லாம் பேர் போய்விட்டது. எங்கே கேட்டாலும் ஆள் வேண்டாம் என்கிறார்களாம். கிளார்க்கய்யா கையால் ஒரு காகிதம் வேண்டும் என்றாள். இவர் உடனே உட்கார்ந்து, இன்ன தேதியில் மருதாம்பாள் என்னிடம் கேட்டு, என் அனுமதியின் பேரில்தான் ஊருக்குப் போனாள் என்று தமிழில் ஒன்று, இங்கிலீஷில் ஒன்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். சாட்சி என்ற இடத்தில் நான் போட்டேன். அதை மடித்து முந்தியில் முடிந்துகொண்டு கோத்தகிரிப் பாதையில் போனாள். வேலை நீங்கின கிளார்க்கின் காகிதத்தை எந்தத் துரை மதிப்பார் என்று இவர் கேட்டார். எனக்கும் தெரியவில்லை. குழந்தை நன்றாக இருக்கிறாளாம். அது ஒன்றுதான் நல்ல சேதி.

இனி உன் விஷயம். உன் மேல் எனக்கு இன்னும் ஆறவில்லை. ஒரு நாள் பார்த்தால் நீ செய்ததுதான் சரி என்று தோன்றுகிறது. மறுநாள் மூட்டை கட்டும்போது உன்னை நினைத்தால் பற்றிக்கொண்டு வருகிறது. அதை மறைத்து எழுத எனக்குத் தெம்பில்லை.

ஆனால் ஒரு உறவினரின் வேண்டுகோள் என்று எழுதினாயே, அது வேண்டாம். விசாரணையில் அது யார் என்று கேட்பார்கள். நீ வாயை மூடிக்கொண்டு நிற்பாய், தண்டனை கூடும். உனக்கு மொழிபெயர்க்கிறவன் நீயே. அதனால் உனக்காக யாரும் எதையும் விட்டுச் சொல்லப் போவதில்லை. நீயே விட்டுச் சொல்லாதே.

பாலத்தில் தண்ணீர் இறங்கிவிட்டது. ஜெகதளாவிலிருந்து ஆனைமேட்டுக்கு வண்டி இருக்கிறதாம். இருபதாம் தேதி காலையில் கச்சேரி வாசலுக்கு வந்துவிடுகிறேன். உன்னோடு பேசுவேனா என்று இப்போது சொல்ல முடியாது. மறைக்கச் சொன்னது யார் என்று அவர்கள் கேட்கும்போது, நான் உள்ளே வந்து சொல்லுகிறேன்.

மெட்டில்டா